பந்தயத் தடத்திற்கான டர்போ எஞ்சின்

பந்தயத் தடத்திற்கான டர்போ எஞ்சின் என்பது, மூடிய ஓட்டத் தடத்தில் நீண்ட நேரம் முழு வேகத்தில் ஓட்டினாலும் பழுதாகாதபடி கட்டப்பட்ட டர்போசார்ஜர் எஞ்சினைக் குறிக்கும். இதன் தரத்தைக் குதிரைத்திறனை மட்டும் வைத்து அளக்க முடியாது. முதல் சுற்றில் கொடுத்த அதே திறனை இருபதாவது நிமிடத்திலும் கொடுக்கிறதா என்பதே உண்மையான அளவுகோல். சென்னை போன்ற வெப்பமான, ஈரப்பதம் மிகுந்த ஊரில் இந்த வேலையின் பெரும்பகுதி வெப்பத்தை வெளியேற்றும் வேலையே. நாவலூர், தாம்பரம் போன்ற தென்சென்னைப் புறநகர்களில் அன்றாடம் ஓடும் ஒரு சிறிய டர்போ பெட்ரோல் காரை இருங்காட்டுக்கோட்டைத் தடத்திற்குத் தயார் செய்வதை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

வரலாறு

சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905இல் டர்போசார்ஜருக்கு அடிப்படையான காப்புரிமையைப் பெற்றார். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு டர்பைனைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் உள்ள கம்ப்ரஸர் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்பும். அதிகக் காற்று சென்றால் அதிக எரிபொருளை எரிக்கலாம். அதே அளவு எஞ்சினிலிருந்து கூடுதல் திறன் கிடைக்கும்.

பெட்ரோல் கார்களில் இதன் தொல்லைகள் தொடக்கத்திலேயே வெளிப்பட்டன. 1962இல் விற்பனைக்கு வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் காரின் சுருக்க விகிதம் 10.25:1. இவ்வளவு உயர்ந்த விகிதத்தோடு டர்போவும் சேர்ந்ததால், எரிதலைக் கட்டுப்படுத்த நீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தெளிக்க வேண்டியிருந்தது. அதற்கெனத் தனித் தொட்டி இருந்தது. உரிமையாளர்கள் பலர் அதை நிரப்பவில்லை. 1963இல் அந்தக் கார் கைவிடப்பட்டது. 1977இல் ரெனோ நிறுவனம் 1.5 லிட்டர் டர்போ எஞ்சினுடன் ஃபார்முலா 1 பந்தயத்தில் இறங்கியது. அடிக்கடி புகைவிட்டு நின்றதால் அந்தக் காருக்கு ‘மஞ்சள் தேநீர்க் கெண்டி’ என்ற கேலிப் பெயர் கிடைத்தது. 1979 பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் ழான்-பியேர் ழபுய் வென்ற பிறகே கேலி அடங்கியது. திறன் முதல் நாளிலேயே இருந்தது. நம்பகத்தன்மை வர இரண்டு ஆண்டுகள் ஆயின.

தமிழ்நாட்டில்

சென்னையின் மோட்டார் பந்தய வரலாறு, இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் தொடங்குகிறது. 1953இல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், பின்னர் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிலையான தடத்தை அமைத்தது. 1990இல் பயன்பாட்டுக்கு வந்த அந்தத் தடத்தின் நீளம் 3.717 கி.மீ. கோயம்புத்தூரில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே தமிழ்நாட்டின் மற்றொரு முக்கியத் தடம்.

ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் 2010 முதல் இந்தியாவில் நடத்திய ஒரே வகைக் கார்ப் பந்தயங்கள், டர்போ எஞ்சின்களை இத்தடங்களுக்குப் பரவலாக அறிமுகம் செய்தன. இந்திய ஃபார்முலா 4 கார்களிலும் 1.3 லிட்டர் டர்போ எஞ்சினே உள்ளது. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாள்களில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நடந்த இரவுப் பந்தயத்தில் இவை ஓடின. இந்த எஞ்சினின் திறன் ஏறத்தாழ 180 குதிரைத்திறன் என்ற அளவிலேயே நிறுத்தப்பட்டுள்ளது. இதே அளவு எஞ்சினிலிருந்து இன்னும் அதிகம் எடுக்க முடியும். ஆனால் பருவம் முழுவதும் பிரிக்காமல் ஓட வேண்டிய எஞ்சினில் அந்த இடைவெளியே பாதுகாப்பு.

சாலையும் தடமும்

நாவலூரில் பழைய மகாபலிபுரம் சாலை நெரிசலில் ஒரு கார் நாள் முழுவதும் ஓடினாலும், அதன் டர்போ முழு அழுத்தத்தில் இயங்கும் நேரம் மிகக் குறைவு. ஒரு லாரியை முந்தும் சில நொடிகள், மேம்பாலம் ஏறும் சில நொடிகள், அவ்வளவே. தடத்தில் நிலைமை வேறு. ஒரு சுற்றுக்கு 2 நிமிடம் 15 நொடி எனக் கொண்டால், 20 நிமிடத்தில் ஏறத்தாழ 9 சுற்றுகள், அதாவது 33 கி.மீ. ஓடலாம். அதில் பாதிக்கு மேற்பட்ட நேரம் ஆக்ஸிலரேட்டர் முழுவதும் அழுந்தியிருக்கும். சாலையில் ஒரு வாரத்தில் வரும் சுமை இங்கே ஒரே அமர்வில் வந்துவிடும். சாலையில் ஒருபோதும் தெரியாத குறை தடத்தில் ஐந்தாவது சுற்றில் தெரிவதற்கு இதுவே காரணம்.

வெப்பக் கணக்கு

காற்றை அழுத்தினால் அது சூடாகும். வெளிக்காற்று 40 டிகிரி செல்சியஸ் என்றும், கம்ப்ரஸர் அதை இரு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோகிறது என்றும், அதன் செயல்திறன் 70 சதவீதம் என்றும் கொள்வோம். வெளிவரும் காற்றின் வெப்பநிலை ஏறத்தாழ 138 டிகிரி ஆகும். வெளிக்காற்று 20 டிகிரியாக இருந்தால் அது 112 டிகிரி மட்டுமே.

இந்தக் காற்றைக் குளிர்விக்கும் பாகமே இன்டர்கூலர். அது சேர்ந்த வெப்பத்தில் 70 சதவீதத்தை நீக்கினால், 138 டிகிரிக் காற்று ஏறத்தாழ 69 டிகிரிக்கு இறங்கும். அதே அழுத்தத்தில் 69 டிகிரிக் காற்று 138 டிகிரிக் காற்றைவிட 20 சதவீதம் அடர்த்தியானது. எனவே டர்போ அழுத்தத்தை ஏற்றாமலே காற்றின் அளவு கூடுகிறது. தொழிற்சாலை பொருத்தும் சிறிய இன்டர்கூலர் சில நொடிச் சுமைக்குப் போதும். தொடர்ந்த சுமையில் அதன் உலோகமே சூடேறி, ஒவ்வொரு சுற்றிலும் காற்றின் வெப்பநிலை படிப்படியாக உயரும். தடத்திற்கான முதல் செலவு பெரிய இன்டர்கூலருக்குப் போக வேண்டும் என்பது இதனால்தான்.

ரேடியேட்டருக்கும் இதுவே பொருந்தும். புதிய ரேடியேட்டர் வாங்குமுன், முன்பக்கம் நுழையும் காற்று அதன் ஓரங்களில் நழுவாதபடி தகடு வைத்து இடைவெளிகளை அடைப்பது செலவு குறைந்த, பயன் மிகுந்த வேலை.

நாக்கிங்

டர்போ எஞ்சின்களை அதிகம் கொல்வது நாக்கிங். ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ சிலிண்டருக்குள் பரவும்போது, இன்னும் எரியாமல் ஓரத்தில் இருக்கும் கலவை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் தானாகவே வெடித்துப் பற்றிக்கொள்வதை இது குறிக்கும். அப்போது எழும் அழுத்த அலை பிஸ்டனைச் சுத்தியல்போல் அடிக்கிறது. சில நொடிகள் கடுமையாக நீடித்தாலே பிஸ்டனின் ரிங் தாங்கும் விளிம்பு உடையலாம், கேஸ்கெட் கிழியலாம்.

இன்றைய எஞ்சின்களில் உள்ள நாக் சென்சார் ஒலியைக் கேட்டு, கணினி வழியாகப் பற்றவைக்கும் நேரத்தைத் தாமதப்படுத்துகிறது. இது எஞ்சினைக் காப்பாற்றும். ஆனால் திறன் குறையும், புகையின் வெப்பம் கூடும். ஓட்டும்போது கார் மெல்ல மெல்லச் சோர்வதாகத் தோன்றினால் பெரும்பாலும் காரணம் இதுவே. அதை மறைக்க அழுத்தத்தை மேலும் ஏற்றுவது எஞ்சினை அழிப்பதற்கு நேர்வழி.

எரிபொருள்

ஆக்டேன் எண் என்பது நாக்கிங்கைத் தாங்கும் ஆற்றலின் அளவு. இந்தியாவில் 95 ஆக்டேன் பெட்ரோல் பல நிலையங்களில் கிடைக்கிறது. இந்தியன் ஆயில் நிறுவனம் 2020 டிசம்பரில் 100 ஆக்டேன் பெட்ரோலை அறிமுகம் செய்தது. எந்த எரிபொருளுக்குக் கணினி நிரல் அமைக்கப்பட்டதோ, அதைவிடக் குறைந்த ஆக்டேனில் தடத்தில் ஓட்டக் கூடாது.

20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோலையும் கணக்கில் கொள்ள வேண்டும். எத்தனால் ஆவியாகும்போது அதிக வெப்பத்தை உறிஞ்சுவதால் நாக்கிங் குறையும். ஆனால் ஒரு கிலோ பெட்ரோலை முழுதாக எரிக்க 14.7 கிலோ காற்று தேவை. இ20க்கு ஏறத்தாழ 13.5 கிலோவே போதும். அதாவது அதே காற்றுக்கு அதிக எரிபொருள் செல்ல வேண்டும். இன்ஜெக்டர்களும் எரிபொருள் பம்பும் ஏற்கெனவே எல்லையில் இயங்கினால், நீண்ட நேர்ப்பாதையின் கடைசியில் கலவை மெலிந்துவிடும். அகல அளவு கொண்ட ஆக்சிஜன் சென்சாரைப் பொருத்தி, முழு அழுத்தத்தில் லாம்டா மதிப்பு 0.8 அருகே நிற்கிறதா என்று பார்ப்பது நல்லது.

எண்ணெய்

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட முறை சுழலக்கூடியது. பல டர்போக்களில் அதைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. டர்பைன் பக்கம் நுழையும் புகை 900 டிகிரியை எட்டும்.

வேகமான வளைவில் பக்கவாட்டு விசை புவியீர்ப்புக்குச் சமமானால், எண்ணெய்த் தொட்டியில் உள்ள எண்ணெயின் மேற்பரப்பு 45 டிகிரி சாய்ந்துவிடும். உறிஞ்சுகுழாய் ஒரு நொடி காற்றை இழுத்தாலும் பேரிங்குகள் தேயத் தொடங்கும். எனவே தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் வைப்பதும், ஒவ்வொரு அமர்வுக்கு முன்னும் எண்ணெயின் அளவைப் பார்ப்பதும் அவசியம். எண்ணெயின் வெப்பநிலை 130 டிகிரியைத் தாண்டினால் ஓட்டத்தை நிறுத்த வேண்டும். ஆயில் கூலர் பொருத்தினால் அந்த நிலை வராமல் தடுக்கலாம்.

உட்பாகங்கள்

தொழிற்சாலைத் திறனிலேயோ சற்றுக் கூடுதலாகவோ ஓட்ட, உட்பாகங்களை மாற்றத் தேவையில்லை. பெரிய அளவில் திறனைக் கூட்டும்போதுதான் ஃபோர்ஜிங் முறையில் செய்த பிஸ்டன், வலுவான கனெக்டிங் ராட், பல அடுக்கு எஃகு கேஸ்கெட், உறுதியான சிலிண்டர் ஹெட் ஸ்டட் ஆகியவை தேவைப்படும். கனெக்டிங் ராடை வளைப்பது பெரும்பாலும் உயர் வேகம் அல்ல, குறைந்த சுழற்சியில் திடீரென எழும் முறுக்குவிசை. எனவே கீழ்ச் சுழற்சியில் அழுத்தத்தை மெதுவாக ஏற்றும் நிரல் எஞ்சினின் ஆயுளைக் கூட்டும்.

அளவுகளிலும் கவனம் தேவை. பிஸ்டன் ரிங் வெப்பத்தால் நீளும். அதன் இரு முனைகளும் முட்டிக்கொண்டால் பிஸ்டன் உடையும். எனவே தட எஞ்சினில் ரிங் இடைவெளியைச் சாலை எஞ்சினைவிடச் சற்று அதிகமாக, ரிங் தயாரிப்பாளர் கொடுக்கும் அளவுப்படி வைக்க வேண்டும்.

கட்டும் வரிசை

1. கசிவு, கம்ப்ரஷன், எண்ணெய் அழுத்தம் ஆகியவற்றைச் சோதித்து, எஞ்சின் நலமாக உள்ளதை உறுதி செய்தல்.
2. எண்ணெய் வெப்பநிலை, எண்ணெய் அழுத்தம், உள்ளே செல்லும் காற்றின் வெப்பநிலை ஆகியவற்றைக் காட்டும் மானிகளைப் பொருத்துதல்.
3. இன்டர்கூலர், ரேடியேட்டர், ஆயில் கூலர்.
4. எண்ணெய்த் தொட்டித் தடுப்புகள்.
5. எரிபொருள் பம்ப், இன்ஜெக்டர், ஸ்பார்க் பிளக்.
6. காற்று சூடானால் அழுத்தத்தைத் தானே குறைக்கும் பாதுகாப்புடன் கணினி நிரல்.
7. இவை அனைத்தும் தடத்தில் நிரூபணமான பிறகே கூடுதல் அழுத்தம்.

பலர் ஏழாவதில் தொடங்கி முதலாவதில் முடிக்கிறார்கள். எஞ்சின் உடைந்த பிறகு செய்யும் சோதனைக்கு, புதிய எஞ்சினின் விலையைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

தட நாளில்

முதல் சுற்றைப் பாதி வேகத்தில் ஓட்டி எண்ணெயைச் சூடாக்க வேண்டும். தண்ணீர் சூடான பிறகும் எண்ணெய் சூடாகச் சில நிமிடங்கள் ஆகும். கடைசிச் சுற்றை டர்போ அழுத்தமின்றி மெதுவாக ஓட்டி, நிறுத்தியபின் ஓரிரு நிமிடம் எஞ்சினை ஓடவிட வேண்டும். உடனே அணைத்தால் டர்போவுக்குள் நின்றுபோன எண்ணெய் கருகிப் படியும். மானி எல்லையைக் காட்டினால், அது எத்தனையாவது சுற்றாக இருந்தாலும் உள்ளே வந்துவிட வேண்டும். எஞ்சின் உடைந்து எண்ணெய் தடத்தில் சிந்தினால், ஆபத்து பின்னால் வருபவருக்கும்தான்.

சட்டமும் காப்பீடும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் குறிப்புகளிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. எனவே பெரிதும் மாற்றப்பட்ட காரை நாவலூரிலிருந்து வண்டலூர் வெளிவட்டச் சாலை வழியாக ஓட்டிச் செல்வதைவிட, வேறு வண்டியில் ஏற்றிச் செல்வதே முறை. வழக்கமான கார்க் காப்பீடு பந்தயத்திலும் வேகச் சோதனையிலும் ஏற்படும் சேதத்துக்குப் பொருந்தாது. தடத்தில் உடையும் எஞ்சினின் செலவு முழுவதும் உரிமையாளருடையதே. காரை ஏற்றிவரும் செலவைப் பெரிதாக நினைப்பவர்களும், இன்டர்கூலரின் விலையைப் பெரிதாக நினைப்பவர்களும் இதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.