மனச்சோர்வும் உடற்பயிற்சியும்

யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை நோக்கிச் செல்லும் பெருவீதியில், இணுவிலைக் கடந்ததும் வருவது மருதனார்மடம். செம்மண் தோட்டங்கள் சூழ்ந்த ஊர் அது. நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவுவதற்கு முன்னர், அப்பகுதித் தோட்டங்களில் விடியுமுன்பே துலா அசையும் ஓசை கேட்கும். இருவர் மூவர் துலாவின்மேல் முன்னும் பின்னுமாக நடக்க, மற்றொருவர் கிணற்றடியில் நின்று பட்டையிலே வரும் நீரை வாய்க்காலில் ஊற்றுவார். இயந்திரம் வந்தபின் அவ்வுழைப்பு ஒழிந்தது. உடலின் அசைவும் குறைந்தது.

உழைத்து வாழ்ந்தோரை மனத்துயர் அணுகவில்லை என்று கொள்வது தவறு. வயிற்றுப்பாட்டுக்காக ஓய்வின்றி உடலை வருத்துவது வேறு. ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் பயிற்சி வேறு. மனத்திற்கு நன்மை பயப்பது பெரிதும் பின்னதே.

மனச்சோர்வு என்பது யாது? துயரம் யாவர்க்கும் வரும், நாட்செல்ல ஆறும். ஆனால், இரண்டு வாரங்களுக்கு மேலாக எதிலும் நாட்டமின்மை, உறக்கக் குலைவு, பசியின்மை, தாம் பயனற்றவர் என்னும் எண்ணம் ஆகியவை நீடிக்குமாயின் அது நோயாக இருக்கலாம். அதனைச் சோம்பல் என்று இகழ்வதும், ‘விசர்’ என்று ஒதுக்குவதும் அறியாமையே ஆகும்.

இவ்விடயம் யாழ்ப்பாணத்தவர்க்குப் புறம்பானதன்று. 1995ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில், வலிகாமத்து மக்கள் பெருந்திரளாக வீடு வாசல்களை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தனர். போர் உள்ளங்களில் விட்டுச்சென்ற வடுக்களை உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998இல் வெளிவந்த தமது ஆங்கில நூலொன்றில் விரித்துரைத்தார். மூச்சுப்பயிற்சி, சாந்தியாசனம், மந்திர உச்சாடனம், எண்ணெய் தேய்த்தல் முதலிய மரபு முறைகளை அவர் சிகிச்சையில் கையாண்டார். உடலின் வழியாக உள்ளத்தை அடையலாம் என்பது மக்கள் முன்னரே அறிந்திருந்த உண்மை.

மேல்நாட்டு ஆராய்ச்சியும் இதனை வலியுறுத்துகின்றது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் 1999இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வுற்ற 156 பேர் மூன்று பிரிவினராக்கப்பட்டனர். ஒரு சாராருக்குப் பயிற்சி, ஒரு சாராருக்கு மருந்து, எஞ்சியோருக்கு இரண்டும் அளிக்கப்பட்டன. 16 வாரங்களின் முடிவில் மூன்று பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவு குணம் பெற்றிருந்தனர். 2024இல் 218 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய அறிஞர்களும், நடை, மெல்லோட்டம், யோகாசனம், தசைவலுப் பயிற்சி ஆகியவை மனச்சோர்வைத் தணிப்பதாகக் கண்டனர்.

இதற்குக் காரணம் ஒன்றன்று. பயிற்சியினால் உறக்கம் சீர்படுகின்றது. நரம்புக் கலங்களைப் பேணும் புரதம் மூளையில் மிகுவதற்கும் அது துணைபுரிகின்றது என்பர். துன்ப நினைவுகளையே சுற்றிக்கொண்டிருந்த மனத்திற்குச் சிறிது விடுதலை கிடைக்கின்றது. யாவற்றுக்கும் மேலாக, ‘இன்று இதைச் செய்து முடித்தேன்’ என்னும் நிறைவு பிறக்கின்றது.

ஆயினும் இடர்ப்பாடு ஒன்றுண்டு. எழுந்து நடப்பதற்கு வேண்டிய ஊக்கத்தையே இந்நோய் முதலிற் பறித்துவிடுகின்றது. ‘எழுந்து நட’ என்று கட்டளையிடுவதால் பயனில்லை. ‘வா, நானும் வருகின்றேன்’ என்று உடன் செல்வதே உதவி. முதல்நாள் ஒழுங்கையின் முனைவரை சென்று மீண்டால் போதும். மறுநாள் சந்தைவரை செல்லலாம். பின்னர் கோயில் வீதியை வலம் வரலாம். உலக சுகாதார நிறுவனம் வாரத்திற்கு 150 நிமிட மிதமான பயிற்சியையேனும் பரிந்துரைக்கின்றது. எனினும் பத்து நிமிடமும் வீணன்று.

பெண்களுக்கும் இது பொருந்தும். சேர். பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் பெண்பிள்ளைகளுக்கெனக் கல்லூரி நிறுவிய ஊர் மருதனார்மடம். அவர் பெயர் தாங்கிய பல்கலைக்கழக நுண்கலைப் பிரிவில் இன்று நடனமும் பயிற்றப்படுகின்றது. நடனமும் நல்லதோர் உடற்பயிற்சியே. வீட்டுவேலையால் களைத்த தாய்க்குத் தனக்கென அரைமணி நேரம் கிடைக்கச் செய்வது குடும்பத்தார் கடன்.

பயிற்சி மருத்துவத்துக்குத் துணையேயன்றி எல்லா நிலையிலும் மாற்றாகாது. வைத்தியர் தந்த மருந்தைத் தாமாக நிறுத்துதல் ஆகாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுமாயின் ஒருகணமும் தாமதித்தலாகாது. தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவை நாடலாம். 1926 என்னும் தேசிய மனநல உதவி இலக்கத்தையும் அழைக்கலாம்.

துலா மிதித்தவர் எவரும் தனியே மிதித்ததில்லை. கிணற்றடியில் எப்போதும் ஒருவர் உடன் நின்றார். சோர்ந்த மனத்துக்கும் வேண்டுவது அத்தகைய துணையேயாகும்.