விலக்கிவைத்தலின் பொருளியல் அடித்தளம்

ஆமிஷ் கிறித்தவரிடையே நிலவும் விலக்கிவைத்தல் வழக்கத்தை வெறும் மதவெறியெனக் கொள்வது பொருந்தாது. ஞானஸ்நானம் பெற்றபின் சபையை விட்டு நீங்கியவருடன் ஒரே மேசையில் உண்ணலாகாது. அவர் கையிலிருந்து பொருள் பெறலாகாது. டோட்ரெக்ட் விசுவாச அறிக்கையில் (1632) இடம்பெற்ற இவ்விதியை யாக்கோப் அம்மான் கடுமையாக வற்புறுத்தியமையே, 1693இல் அவரது அணியினர் தனிப்பிரிவாகியமைக்கு முக்கிய காரணமாகும்.

எனினும், விதியின் வலிமை வேதவசனத்தில் மட்டும் தங்கியிருக்கவில்லை. எரிந்த களஞ்சியத்தை மீளக் கட்டுவோரும், அறுவடைக்கு உதவுவோரும், மருத்துவச் செலவைப் பகிர்வோரும் சபையினரே. வணிகக் காப்புறுதியைப் பெரும்பாலும் அவர்கள் நாடுவதில்லை. சுயதொழில் புரிவோருக்குச் சமூகப் பாதுகாப்பு வரியிலிருந்து 1965இல் அமெரிக்க அரசு விலக்களித்தது. எட்டாம் வகுப்புடன் பிள்ளைகளின் படிப்பை நிறுத்தும் உரிமையை 1972இல் உயர்நீதிமன்றம் ஏற்றது. மதச் சுதந்திரத்தின் பெயரால் வழங்கப்பட்ட இச்சலுகைகள், வெளியேற விழைபவருக்கு வெளியுலகிற் காலூன்ற இடமின்றிச் செய்கின்றன என்பதை மனங்கொள்ளல் வேண்டும். விலக்கப்பட்டவர் இழப்பது உறவை மட்டுமன்று, உழைப்பின் கூட்டையுமாகும்.

1947இல் ஓஹையோ மாநில விவசாயி ஒருவர் தம்மை விலக்கிய சபைத் தலைவர்கள்மீது வழக்குத் தொடுத்து 5,000 டொலர் நட்டஈடு பெற்றார். பிரதிவாதிகள் சட்டத்தரணி எவரையும் அமர்த்தவில்லை. அவர் வேறு சபையிற் சேர்ந்தமைக்குக் கோட்பாட்டு முரண்பாடு காரணமன்று. நோயுற்ற மகளை மருத்துவரிடம் கொண்டுசெல்ல அவருக்குக் கார் தேவைப்பட்டது.