அம்மிக்கல்லும் உவமையும்

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் நேரலையாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில், என் வீட்டுச் சமையலறையிலிருந்து பேசுகிறேன். நேற்று இரவு வேலை. குரல் கரகரத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இலக்கியத்தில் பட்டம் எதுவும் கிடையாது. தாதியர் டிப்ளோமா முடித்தவள், கொஞ்சம் கதை எழுதுகிறவள். உவமை, உருவகம், படிமம், குறியீடு என்று அடிக்கடி காதில் விழும் சொற்களை எளிமையாக விளக்கச் சொல்லிக் கேட்டார்கள். எனக்கு அவை விளங்கத் தொடங்கியது ஓர் அவசர சிகிச்சைப் பிரிவில்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. எழுபது வயதளவில் ஒரு தமிழ் அம்மாவைக் கொண்டுவந்தார்கள். கணவர் இறந்து மூன்று கிழமை. ஆங்கிலம் தெரியாது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை, நெஞ்சுக்குள்ள அம்மிக்கல்லைத் தூக்கி வைச்ச மாதிரிக் கிடக்கு" என்றார். நான் வைத்தியரிடம், "கணவர் போன துக்கம், மனம் பாரமாக இருக்கிறதாம்" என்று மொழிபெயர்த்தேன். அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "அவர் சொன்ன சொற்கள் என்ன? அப்படியே சொல்லுங்கள்."

அம்மிக்கல்லைச் சொன்னேன். உடனே ஈசிஜி எடுத்தார்கள். மாரடைப்பில் வருவது போன்ற மாற்றங்கள் அதில் தெரிந்தன. எனக்குக் கை நடுங்கியது.

நான் எங்கே பிழைவிட்டேன் என்று பின்னர் யோசித்தேன். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்: உவமையில் நான்கு உறுப்புகள். அம்மிக்கல் உவமானம். நெஞ்சில் அவர் உணர்ந்தது உவமேயம். அழுத்தும் பாரம் பொதுத்தன்மை. "மாதிரி" என்பது உவம உருபு. அந்த அம்மா நான்கையும் ஒழுங்காகத்தான் தந்தார். நான் உவமானத்தை எறிந்துவிட்டு, உவமேயத்தை என் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டேன். அவர் நெஞ்சு என்றார். நான் மனம் என்று கேட்டேன்.

நோயாளி சொன்னதை மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுத வேண்டும், நாங்கள் கண்டதை வேறாக எழுத வேண்டும் என்பது தாதியர் குறிப்பேட்டின் அரிச்சுவடி. வாசிப்புக்கும் இதுதான் முதல் விதி. "கவிஞர் என்ன சொல்ல வருகிறார்" என்று கேட்பதற்கு முன், "என்ன சொல்லியிருக்கிறார்" என்று பாருங்கள். நான் சொல்லப்போகும் கலைச்சொற்கள் எல்லாம், நேர்ப்பொருளுக்கும் மற்றப் பொருளுக்கும் இடையே என்ன உறவு என்பதற்கு வைத்த பெயர்கள்தாம்.

உவமையில் இரண்டு பொருளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். உருவகத்தில் ஒன்று மற்றதாகவே ஆகிவிடும். மலர்முகம் என்றால் மலர் போன்ற முகம், உவமை. முகமலர் என்றால் முகமாகிய மலர், உருவகம். சொல் இடம் மாறியதும் உறவும் மாறிவிட்டது. தண்டியலங்காரம் 35 பொருளணிகளைச் சொல்கிறது. வாசிப்பைத் தொடங்க இந்த இரண்டும் போதும்.

என்னைப் போலத் தேவாலயத்தில் வளர்ந்தவர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் வரும். தமிழ் வேதாகமத்தில் உவமை என்றால் இயேசு சொன்ன கதை. விதைப்பவன் உவமை என்போம். அது முழுக் கதை. இலக்கணம் சொல்லும் உவமையோ ஒரு ஒப்பீடு. ஒரே சொல், இரண்டு வேலை. கதை முழுவதையும் உருவகமாகவே கொண்டுபோனால் அது உருவகக் கதை. ஜான் பனியன் 1678இல் ஆங்கிலத்தில் எழுதிய மோட்சப் பயணக் கதையில் பயணி அவநம்பிக்கை என்ற சேற்றில் விழுவான். அந்தச் சேறு வேறெதுவும் இல்லை, அவநம்பிக்கைதான். அதைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை எழுதிய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் வந்தது.

உள்ளுறை இதற்கு மறுபக்கம். தொல்காப்பியம் சொல்லும் உள்ளுறை உவமத்தில் உவமானம் மட்டுமே வெளியே நிற்கும். உவமேயத்தை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். அது தெய்வம் தவிர்ந்த கருப்பொருள்களைக் கொண்டு வரும். அதாவது அந்த நிலத்து விலங்கு, பறவை, மரம் போன்றவை. தாமரையை மிதித்துக்கொண்டு நெல் மேயும் எருமையைத் தோழி வர்ணிப்பாள் என்று வையுங்கள். தலைவன் பரத்தையிடம் போனதைப் பற்றி ஒரு சொல்லும் இராது. ஆனால் எருமையைச் சரியாகப் பார்க்காதவருக்குத் தலைவனும் தெரியமாட்டான்.

இனிப் படிமமும் குறியீடும். இதற்கு என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்கிறேன். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்திலிருந்து சனம் முழுக்க வெளிக்கிட்டபோது, எங்கள் அம்மம்மா வீட்டைப் பூட்டிச் சாவியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். அந்தச் சாவி இப்போது வெக்ஸ்போர்ட்டில் என் லாச்சிக்குள் கிடக்கிறது. அதைக் கதையாக எழுதினேன். துருவின் மணம், குளிர்ந்த இரும்பு, விரலில் ஒட்டிய செம்மண் நிறம்: புலன்களுக்குப் படுகிற இவை படிமம். அதே சாவி கதையில் திரும்பத் திரும்ப வந்து, எந்தக் கதவுக்கும் பொருந்தாமல் நின்று, தன்னைவிடப் பெரிதான ஒன்றைச் சுமக்கத் தொடங்கினால் குறியீடு. முதல் வரைவின் கடைசி வரியில், "அந்தச் சாவி எங்கள் தொலைந்த வாழ்வின் குறியீடு" என்று நானே எழுதியும் வைத்திருந்தேன். வாசித்த தோழி அந்த ஒரு வரியை மட்டும் வெட்டினாள். "சாவியைச் சாவியாக இருக்க விடு" என்றாள். உருவகக் கதையின் சேற்றுக்கும் என் சாவிக்கும் வித்தியாசம் இதுதான். குறியீடு முதலில் உண்மையான பொருளாக இருக்க வேண்டும்.

அந்த அம்மாவுக்கு என்ன நடந்தது என்று யோசிப்பீர்கள். அஞ்சியோகிராமில் இரத்தக் குழாய் அடைப்பு எதுவும் இல்லை. அவருக்கு வந்தது தாகோட்சுபோ. பெருந்துக்கத்துக்குப் பிறகு, பெரும்பாலும் வயதான பெண்களுக்கு, இதயத்தின் இடது கீழறை திடீரென்று பலவீனப்பட்டு ஊதிப்போகிற நோய். 1990இல் ஜப்பானிய வைத்தியர்கள் அதை விவரித்தார்கள். அந்த அறையின் வடிவம் அவர்கள் ஊரில் ஆக்டோபஸ் பிடிக்கும் பானை போல இருந்ததால் பானையின் பெயரையே வைத்தார்கள். மருத்துவமும் உவமையில்தான் பெயர் தேடுகிறது.

ஆகவே துக்கம் என்று நான் ஊகித்ததும் பொய்யில்லை. ஆனால் நெஞ்சில் இருந்த கல்லும் பொய்யில்லை. துக்கத்தை மட்டும் கேட்டிருந்தால் அவரை வீட்டுக்கு அனுப்பியிருப்போம். நல்ல எழுத்திலும் இரண்டு பொருளும் ஒன்றாக உயிரோடு இருக்கும். ஒன்றுக்காக மற்றதைக் கைவிடாதீர்கள். அதற்குத்தான் இந்தச் சொற்கள். மற்றவரை மட்டம்தட்ட இவற்றைக் கையில் எடுத்தால் பயனில்லை.

சில நாள் கழித்து வார்டில் அவரைப் பார்க்கப் போனேன். "கல்லு கொஞ்சம் இறங்கியிட்டுது, பிள்ளை" என்றார். அங்கிருந்த தாதியிடம் அதைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன். அவர் மேற்கோள் குறிக்குள் எழுதிக்கொண்டார்.

இனி உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.