பல்லை எண்ணினால் பளு ஏறும்

பெங்களூரின் ஓசூர் சாலையில் அமைந்த அடுகோடி, ஒரு தலைமுறைத் தமிழருக்கு 'மைக்கோ' இருக்கும் ஊர். 1951ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியின் சுருக்கப் பெயரே அது. டீசல் எஞ்சினுக்கு எரிபொருள் செலுத்தும் பம்புகளும் ஸ்பார்க் பிளக்குகளும் இங்கு உருவாகி நாடெங்கும் சென்றன. 2008இல் அந்நிறுவனம் பாஷ் லிமிடெட் எனப் பெயர் மாறிற்று. 2022 ஜூன் மாதம் அதே வளாகம் 'ஸ்பார்க் டாட் நெக்ஸ்ட்' என்னும் புதிய தொழில்நுட்ப வளாகமாகத் திறந்துவைக்கப்பட்டது. இயந்திரங்களின் ஓசை இருந்த இடத்தில் இன்று கணினித் திரைகள் ஒளிர்கின்றன.

அந்தத் தொழிற்சாலையின் பம்புப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வுபெற்ற வாடிக்கையாளர் ஒருவரின் இல்லத்துக்கு அண்மையில் சென்றிருந்தோம். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டமையால் அவரைப் பெரியவர் என்றே குறிப்பிடுகிறோம். ஓய்வூதியர் ஒருவரின் சேமிப்பு அனுபவங்களைக் கேட்டு எழுதுவதே எங்கள் நோக்கம். ஆனால் கூடத்து மேசையின்மேல் பரப்பிக் கிடந்த நெகிழித் துண்டுகளும், அவற்றின் நடுவே அமர்ந்திருந்த பதினொரு வயதுப் பேரனும் எங்கள் கவனத்தை ஈர்த்துக்கொண்டனர். கதையும் அங்கேயே தொடங்கிற்று.

ஏற மறுத்த வண்டி

பேரன் கட்டிக்கொண்டிருந்தது, ஒன்றோடொன்று பொருந்தும் லெகோ டெக்னிக் துண்டுகளாலான சரக்கு வண்டி. துளையிட்ட சட்டங்கள், இணைப்பு முளைகள், அச்சுகள், பற்சக்கரங்கள், ஆறு பேட்டரிகள் இடும் பெட்டி, சிறு மோட்டார் ஒன்று. அச்சிட்ட வழிகாட்டி நூலின்படி அன்றி, தன் எண்ணப்படியே அவன் அதனை அமைத்திருந்தான். தனக்குத் தானே ஒரு சோதனையும் விதித்துக்கொண்டிருந்தான்: ஒரு கிலோ அரிசிப் பொட்டலத்தைச் சுமந்துகொண்டு, மூன்றடி நீளமுள்ள சாய்ந்த பலகையின் உச்சியை வண்டி அடைய வேண்டும்.

வெறும் வண்டி மொசைக் தரையில் பறந்தது. அரிசியை ஏற்றியதும் பலகையின் அடியிலேயே நின்று முனகியது. பேரனின் முகம் வாடிற்று.

"தாத்தா, மோட்டாருக்கு வலு போதவில்லை. என் கணக்கில் இருக்கும் பணத்தை எடுத்துப் பெரிய மோட்டார் வாங்கலாமா?"

அது அவன் சொந்தப் பணம். 10 வயது நிறைந்த சிறார் தம் பெயரில் சேமிப்புக் கணக்கைத் தொடங்கித் தாமே இயக்கிக்கொள்ள ரிசர்வ் வங்கி அனுமதித்துள்ளது. எந்த வரம்பு வரையில் என்பதை அந்தந்த வங்கி வகுத்துக்கொள்ளும். பிறந்தநாள் பணமும் பண்டிகைப் பணமும் சேர்ந்து வளர்ந்த ஓராண்டுச் சேமிப்பு அது. பெரியவர் மறுத்துப் பேசவில்லை.

"வாங்கலாம், கண்ணா. அதற்கு முன் மோட்டார் அச்சில் இருக்கும் சக்கரத்துக்கு எத்தனை பல் என்று எண்ணிச் சொல்."

பதினாறு. வண்டிச் சக்கரத்தின் அச்சில் இருந்ததற்கும் பதினாறு.

வேகத்தைக் கொடுத்து விசையை வாங்குதல்

ஒரே அளவுள்ள இரு பற்சக்கரங்கள் இணைந்தால், ஒன்று ஒருமுறை சுழலும்போது மற்றதும் ஒருமுறை சுழலும். மோட்டாரின் வேகமும் மாறாது. அதன் முறுக்குவிசையும் மாறாது. சிறு மோட்டார்களின் இயல்பு வேகமாகச் சுழல்வது, பளுவைத் தாங்குவதன்று. ஆகவே பளுவைக் கண்டதும் அது நின்றுவிட்டது.

மோட்டாரின் அச்சில் 8 பல் உள்ள சக்கரத்தையும், அதனோடு இணையும் அச்சில் 24 பல் உள்ள சக்கரத்தையும் வைத்தால் கணக்கு மாறுகிறது. சிறியது மூன்று சுற்றுச் சுற்றினால்தான் பெரியது ஒரு சுற்றுச் சுற்றும். வேகம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். உராய்வில் கழிவது போக, விசை ஏறத்தாழ மூன்று மடங்காகும். அந்த இரண்டாம் அச்சிலேயே மற்றொரு 8 பல் சக்கரத்தைப் பொருத்தி, அதனை 40 பல் சக்கரத்தோடு இணைத்தால் மேலும் ஐந்து மடங்கு. இரண்டையும் பெருக்கினால் பதினைந்து.

"தொப்பூர்க் கணவாயில் பாரம் ஏற்றிய லாரி எப்படி ஏறுகிறது? எஞ்சினை மாற்றிக்கொண்டா ஏறுகிறது? கியரைக் குறைத்துக்கொண்டு, நிதானமாக ஏறுகிறது" என்றார் பெரியவர்.

அவ்வளவே விளக்கம். பேரன் பெட்டியைக் கிளறினான். வேண்டிய நான்கு சக்கரங்களும் அதற்குள்ளேயே இருந்தன. புதிதாக ஒரு ரூபாயும் தேவைப்படவில்லை.

சட்டம் விலகினால் பல் நழுவும்

சிக்கல் அத்துடன் தீர்ந்துவிடவில்லை. திருத்திய வண்டி அரை அடி ஏறிற்று. பிறகு 'டக், டக்' என்ற ஓசையுடன் நின்றது. மோட்டார் சுழல்கிறது; வண்டிச் சக்கரம் சுழலவில்லை. இம்முறை மோட்டாரின் மீது குறை சொல்ல வழியில்லை.

பெரியவர் வண்டியைக் கவிழ்த்துக் காட்டினார். விசை பதினைந்து மடங்கானபோது, பற்சக்கரங்கள் ஒன்றையொன்று தள்ளும் அழுத்தமும் கூடிவிட்டது. அவற்றைத் தாங்கிய இரு சட்டங்களும் ஒருபுறம் மட்டுமே இணைக்கப்பட்டிருந்தன. அழுத்தத்தில் அவை மயிரிழையளவு விலக, பற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நழுவின. வலுவைப் பெருக்கியவன் அதனைத் தாங்கும் கட்டுக்கோப்பைப் பெருக்கவில்லை. மோட்டார் பொருத்திய மாதிரிகளைக் கட்டத் தொடங்குவோர் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இதுவே.

சட்டங்களைக் குறுக்கே இரண்டு இடங்களில் பிணைத்தான். நீண்டு முறுக்கிக்கொண்டிருந்த அச்சுக்குப் பதில் குட்டையானதைப் போட்டான். சட்டத்தோடு உரசிய சக்கரத்தைச் சற்றே விலக்கினான். இடையில் ஒருமுறை அலுத்துப்போய் எழுந்து சென்றவன், கால்மணி நேரம் கழித்துத் தானாகவே திரும்பிவந்தான். பெரியவர் அவ்வளவு நேரமும் எந்தத் துண்டையும் தொடவில்லை. "நான் கட்டிவிட்டால் வண்டி ஏறும், இவன் ஏறமாட்டான்" என்று எங்களிடம் மெல்லச் சொன்னார்.

ஆயிரத்தில் சில பங்கு

காத்திருந்த வேளையில், இத்துண்டுகள் தம்மைக் கவர்ந்த காரணத்தைப் பெரியவர் விளக்கினார். டீசல் பம்பின் உள்ளே ஓர் உருளைக்குள் ஒரு தண்டு மேலும் கீழும் ஓடி எரிபொருளை அழுத்தும். தண்டுக்கும் உருளைக்கும் இடையிலுள்ள வெளி, ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கே. கூடினால் எரிபொருள் கசியும். குறைந்தால் தண்டு சிக்கும். ஆகவே அவ்விரண்டையும் சோடியாகவே இழைத்துப் பொருத்துவார்கள். ஒரு சோடியின் தண்டை மற்றொரு சோடியின் உருளையில் இட முடியாது.

இந்தப் பொம்மைத் துண்டுகளின் அச்சுகளும் ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்கைவிட நுண்ணிய துல்லியத்துடன் செய்யப்படுகின்றன. ஆனால் இங்கே சோடி இல்லை. எந்தத் துண்டும் எந்தத் துண்டோடும் பொருந்த வேண்டும். டென்மார்க்கின் பில்லுண்ட் நகரில், தச்சரான ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் 1932இல் தொடங்கிய பட்டறை, இன்றைய வடிவிலான கட்டைக்கு 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமை கோரியது. அக்கட்டை இன்று வாங்கும் கட்டையோடும் பொருந்தும். 1960களில் அதில் மோட்டார் பூட்டிய இரயில்கள் வந்தன. பற்சக்கரமும் அச்சும் கொண்ட டெக்னிக் வரிசை 1977இல் வந்தது. "நாங்கள் இரண்டைப் பொருத்தப் பாடுபட்டோம், இவர்கள் எல்லாவற்றையும் பொருத்திவிட்டார்கள்" என்று சொல்லிப் பெரியவர் சிரித்தார். தொழிலறிந்தவர் மற்றொரு தொழிலுக்கு அளித்த பாராட்டு அது.

பத்து லட்சம் துண்டுகளில் ஒரு கார்

பேரன் கண்டறிந்த கணக்கு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2018இல் லெகோ நிறுவனத்தார் புகாட்டி சிரோன் காரை உண்மை அளவிலேயே டெக்னிக் துண்டுகளால் கட்டினர். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுகள். ஒன்றரை டன் எடை. கட்டி முடிக்க 13,000 மணி நேரத்துக்கு மேலான உழைப்பு. அதனை ஓட்டியவை 2,304 பொம்மை மோட்டார்கள். அத்தனையும் ஒன்றுகூடித் தந்த ஆற்றல் 5.3 குதிரைத்திறன் மட்டுமே. உண்மைக் காரின் எஞ்சினுக்கோ 1,500. ஆயினும் 4,032 பற்சக்கரங்களின் துணையோடு, அந்தக் கார் ஆளை ஏற்றிக்கொண்டு மணிக்கு 20 கிலோமீட்டருக்கும் கூடுதலான வேகத்தில் ஓடிற்று. ஒவ்வொரு மோட்டாரும் சிறிது. சேர்த்த விதமே பெரிது.

தொடங்க விரும்பும் பெற்றோருக்கு

இவ்வகைப் பெட்டிகள் விலை மிகுந்தவை. இறக்குமதியாகும் பொம்மைகளின் சுங்கவரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டதும் இதற்கு ஒரு காரணம். எனவே பெரிய பெட்டியோடு தொடங்க வேண்டியதில்லை. ஒரு மோட்டார், ஒரு பேட்டரிப் பெட்டி, வெவ்வேறு அளவில் ஏழெட்டுப் பற்சக்கரங்கள், போதிய சட்டங்கள் ஆகியவை இருந்தால் ஓராண்டுக்குக் கற்க வேலை இருக்கும். உலோகப் பட்டைகளைத் திருகாணியால் இணைக்கும் உள்நாட்டு மெக்கானிக்ஸ் பெட்டிகளிலும் இதே பற்சக்கரக் கணக்கைப் பயிலலாம்.

மறுமின்னேற்றம் செய்யும் பேட்டரிகள் நாளடைவில் செலவைக் குறைக்கும். ஆனால் சாதாரண பேட்டரியின் 1.5 வோல்ட்டுக்கு எதிராக அவை தருவது 1.2 வோல்ட், வண்டி சற்று மெதுவாகவே ஓடும். பளுவில் சிக்கி நின்ற மோட்டாரை உடனே அணைத்துவிட வேண்டும். இல்லையேல் அது சூடேறிப் பழுதாகும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால், சிறு துண்டுகளை எட்டாத உயரத்தில் வைப்பது இன்றியமையாதது. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்பதையும் நினைவிற் கொள்க. பாதி விலை என்று விளம்பரம் செய்யும் அறிமுகமற்ற இணையதளங்களில் பணம் செலுத்த வேண்டாம். ஏமாற நேர்ந்தால் தாமதியாமல் 1930 என்னும் எண்ணை அழையுங்கள்.

வாங்க இயலாதவர்களுக்கும் வழி உண்டு. நிதி ஆயோக்கின் அடல் புத்தாக்க இயக்கம், 6 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்காக நாடெங்கும் 10,000 பள்ளிகளில் செய்முறைக் கூடங்களை ஏற்படுத்தியுள்ளது. தேர்வாகும் பள்ளிக்கு 20 லட்ச ரூபாய் வரை மானியம் கிடைக்கிறது. உங்கள் குழந்தையின் பள்ளியிலோ அருகிலுள்ள பள்ளியிலோ அத்தகைய கூடம் இருக்கிறதா என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.

பலகையின் உச்சியில்

மாலை ஆறு மணி அளவில் வண்டி மீண்டும் பலகையின் அடியில் நிறுத்தப்பட்டது. அரிசிப் பொட்டலத்தைப் பேரன் பின் அச்சுக்கு நேர்மேலே வைத்தான். முன்னர் அது வண்டியின் முன்புறத்தில் இருந்தது. மோட்டார் சுழலத் தொடங்கியது. வண்டி நகர்கிறதா இல்லையா என்று சில நொடிகள் எங்களுக்கே ஐயம். பிறகு அங்குலம் அங்குலமாக ஏறத் தொடங்கியது. தரையில் பறந்த பழைய வண்டியோடு ஒப்பிட்டால் இது நத்தை. மூன்றடியைக் கடக்க அரை நிமிடத்துக்கு அருகில் ஆயிற்று. உச்சியை அடைந்ததும் பேரன் கத்திய கத்தலில் சமையலறையிலிருந்து பாட்டி ஓடிவந்தார். அரிசி அவருக்கு உடனே தேவைப்பட்டது.

விடைபெறும்போது, கணக்கிலுள்ள பணத்தை இனி என்ன செய்யப்போகிறாய் என்று அவனிடம் கேட்டோம். வண்டியை இடமும் வலமும் திருப்புவதற்குத் தனியாக ஒரு மோட்டார் வேண்டும் என்றான். அதை எப்போது வாங்குவதாக எண்ணம் என்றோம்.

"முதலில் பல்லை எண்ணிப் பார்க்கிறேன்" என்றான்.