கர்ப்பிணிகளின் ஆகாரமும் கீரைப் பாத்தியும்

உழவையும் உரத்தையும் பற்றிப் பேசும் இப்பக்கங்களில் கர்ப்பிணிகளின் ஆகாரத்தைப் பற்றி எழுதுவானேன் என்று குடியானவர் சிலர் கருதக்கூடும். கர்ப்பிணிக்கு இன்றியமையாத சத்துக்களில் ஒன்று இலையிலும் பயறிலும் உள்ளது. அவற்றை விளைவிப்பவர் குடியானவரே. அன்றியும், சினைப்பசு ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்னரே பாலை வற்றச் செய்து, பிண்ணாக்கும் தவிடும் கூட்டிக் கொடுக்கும் வீடுகள் சிலவற்றிலேயே, கர்ப்பமுற்ற மருமகள் யாவரும் உண்டபின் மிஞ்சியதை உண்கிறாள். அதிகம் தின்றால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும் என்று அவளுடைய சோற்றைக் குறைப்பாரும் உளர். இது தவறான எண்ணம். அரைவயிறு உண்ட தாய்க்கு எடை குறைந்த சிசு பிறக்கும். அவளுடைய இரத்தமும் வற்றும். 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், இந்தியக் கர்ப்பிணிகளுள் நூற்றுக்கு 52 பேர் இரத்தச் சோகையுடையவராகக் காணப்பட்டனர்.

இச்சோகையின் ஒரு வகையை ஆராய்ந்தவர் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மாது. 1928இல் அவர் பம்பாய்க்கு வந்து, ஆலைத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த ஏழைக் கர்ப்பிணிகளைப் பரிசோதித்தார். அவர்களுடைய உணவில் காய்கறியும் பழமும் மிக அரிது என்று கண்டார். பின்னர் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், சென்னைத் திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி பெயரால் வழங்கும் பழைய கோஷா ஆஸ்பத்திரியிலும் அவருடைய வேலை தொடர்ந்தது. சாராய ஊறலில் மிஞ்சும் நுரைமக் கசடிலிருந்து செய்த மார்மைட் என்ற மலிவான சத்தைக் கொடுத்தபோது நோயாளிகள் விரைவில் குணமடைந்ததை 1931இல் அவர் வெளியிட்டார். அதில் அடங்கிய பொருள் யாதென்பது அப்பொழுது தெரியவில்லை. 1941இல் அமெரிக்காவில் நான்கு டன் பசலைக் கீரையிலிருந்து ஒரு சத்தைப் பிரித்தெடுத்தவர்கள், லத்தீன் மொழியில் இலையைக் குறிக்கும் சொல்லைக் கொண்டு அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் குழுவினர் 1945இல் அதனைச் செயற்கையாகச் செய்யும் முறையைக் கண்டனர். இன்று சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கும் மாத்திரை இவ்வாறு வந்ததே.

இச்சத்து சோகையைத் தீர்ப்பதோடு நிற்பதன்று. சிசுவின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் நரம்புக் குழல் கரு உண்டான 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. அது மூடாவிடில் பிள்ளை உயிரற்றோ, கால்கள் செயலற்றோ பிறக்கக்கூடும். முன்பு இக்குறையுள்ள குழந்தையைப் பெற்ற தாய்மாருக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்துப் பார்த்ததில், அடுத்த பிள்ளைக்கு அக்குறை வரும் அபாயம் நூற்றுக்கு 72 பங்கு குறைந்ததென்று 1991இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு காட்டிற்று. இத்தகைய தாய்மாருக்கு அளவு அதிகம் வேண்டும். அதனை வைத்தியரே கூறவேண்டும்.

28 நாள் என்பதைக் குடும்பத்தார் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அந்நாட்களில் பெண்ணுக்கே தான் கர்ப்பமுற்றிருப்பது பெரும்பாலும் தெரியாது. நம் வீடுகளிலோ, ஏழாம் மாதத்தில் வளைகாப்பு நடத்தி ஐவகைச் சோறு சமைத்த பின்னரே உபசாரம் பலமாகிறது. அடியுரம் இடாது நாற்றை நட்டுவிட்டுக் கதிர் வந்தபின் உரமிடுவதற்கு இது ஒப்பாகும். மணமான பெண் பிள்ளைப்பேற்றை நாடும் காலத்திலேயே, கரு உண்டாவதற்கு ஒரு மாதமாவது முன்பிருந்து, நாள்தோறும் 400 மைக்ரோ கிராம் ஃபோலிக் அமிலம் கொள்ளத் தொடங்கி, மூன்றாம் மாதம் முடியத் தொடர்வது முறை. நான்காம் மாதம் முதல் 60 மில்லி கிராம் அயச்சத்தும் 500 மைக்ரோ கிராம் ஃபோலிக் அமிலமும் கூடிய மாத்திரையை 180 நாட்களும், பிரசவத்திற்குப் பின் மேலும் 180 நாட்களும் கொள்ளவேண்டுமென்பது 2018இல் மத்திய அரசார் வகுத்த திட்டம்.

இம்மாத்திரையை வாங்கிப் பரண்மேல் போட்டுவிடும் வீடுகள் பல. மலம் கறுத்துப் போவதும், சிறிது மலச்சிக்கலும் குமட்டலும் உண்டாவதுமே காரணம். கறுப்பு அயச்சத்தின் நிறமேயன்றி நோயன்று. இரவு உணவுக்குப் பின் கொண்டால் குமட்டல் குறையும். காப்பி, தேநீருடன் கொண்டால் அயச்சத்து உடலில் சேராது. சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் அதே வேளையில் கொள்ளலாகாது. நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்த்தால் நன்கு சேரும். அதிக விலை கொடுத்து டப்பாவில் அடைத்த சத்து மாவுகளை வாங்குவோர், இலவச மாத்திரையை அலட்சியம் செய்வது வியப்பே.

இனித் தோட்டத்தைப் பற்றி. கீரை ஒன்றினாலேயே சோகை தீரும் என்று எண்ணுவது சரியன்று. கீரையிலுள்ள அயச்சத்தில் சிறு பகுதியே உடலில் ஒட்டுகிறது. எனினும் இலைச்சத்துக்குக் கீரையும் பயறும் சிறந்தவை. கிணற்றடியில் வீணாக ஓடும் நீர் ஒரு பாத்திக்குப் போதும். தண்டுக்கீரை விதையை மணலுடன் கலந்து பதினைந்து நாளுக்கு ஒரு பாத்தியாகத் தூவிவந்தால் இடைவிடாது பறிக்கலாம். விதை முருங்கையை வேலியோரம் ஊன்றி, 75 சென்டிமீட்டர் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் மிகுந்து தழை பெருகும். நெல் தரிசில் விளைந்த உளுந்தையும் பாசிப்பயறையும் ஒரு படி கூட மீதமின்றி மண்டிக்கு அனுப்பிவிட்டு, வீட்டில் வெறும் ரசமும் சோறுமாக உண்பது டெல்டாப் பகுதிகளில் காணும் காட்சி. வீட்டுப் பெண்களுக்கும் பண்ணையில் வேலை செய்யும் பெண்களுக்குமாக ஒரு மூட்டையை ஒதுக்குவது மிராசுதாருக்குப் பெரிய நஷ்டமன்று.

சமைக்கும் முறையில் பாதிச் சத்து போய்விடுவதும் உண்டு. இலைச்சத்து நீரில் கரைவது, நெடுநேரக் கொதிப்பில் அழிவது. ஆகவே கீரையை அரியுமுன் கழுவி, அன்றன்றே, சிறிது நீர் விட்டு மூடி வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டாமல் மசித்துவிட வேண்டும். பாசிப்பயறை முளைகட்டினால் அச்சத்து பெருகுகிறது.

கிராம அதிகாரிகள் ஓர் உதவி செய்யலாம். தம் ஊருக்கு மணமாகி வந்த பெண்களின் விவரத்தை அவ்வப்போது கிராம சுகாதாரச் செவிலியருக்குத் தெரிவித்தால், கர்ப்பம் பதிவாகும்வரை காத்திராமல் அவர் மாத்திரை கொடுக்கத் தொடங்குவது எளிதாகும். தொலைவிலுள்ள களத்துமேட்டுக் குடிசைகளே பெரும்பாலும் விடுபடுகின்றன. அவற்றை முதலில் சேர்ப்பது நலம்.