உழவும் உரமும்

செய்யூர் வட்டத்து நிலங்கள் ஒரே தன்மையன அல்ல. கடலோரம் மணற்பாங்கு, உப்பங்கழியை ஒட்டி உவர் நிலம், உள்ளே ஏரிப் பாசன நன்செய். ஆதலின், எல்லா நிலத்துக்கும் ஒரே உழவும் ஒரே உரமும் பொருந்தா என்பதை அங்கத்தினர்கள் கருத்திற்கொள்ள வேண்டுகிறோம்.

நன்செயில் ஆண்டுதோறும் சேறடித்து வர, உழவடியில் மண் இறுகித் தட்டாகிறது. நெல்லுக்கு அது நீரைத் தேக்கித் தரும். பின்வரும் மணிலாவின் வேர் இறங்கத் தடையாகும். மூன்றாண்டுக்கொரு முறை, நிலம் காய்ந்திருக்கையில் உளிக்கலப்பை ஓட்டினால் அத்தட்டு உடையும். தர்பூசணி விளையும் மணல் நிலத்திலோ மிகை உழவே தீங்கு. வெயிலில் மக்கு விரைந்தழியும்.

யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து உண்டு. மணிச்சத்தும் சாம்பல் சத்தும் இல்லை. மணலில் அதை ஒரே முறையில் இட்டால், ஒரு பகுதி நீரோடு இறங்கி நிலத்தடி நீரைச் சேரும். கடன் பெற்று இட்ட உரம் பயிருக்கும் உதவாது, கிணற்றையும் கெடுக்கும். பல தவணைகளாகப் பிரித்திடுதலே முறை.

தொழுவுரத்தையும் இரசாயன உரத்தையும் சேர்த்திடுவதே மண்வளம் காக்கும் என்பதைக் கோயம்புத்தூரில் 1909இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை காட்டியுள்ளது. தொழுவுரம் போதாதவர்கள், ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தறுவாயில், ஏறத்தாழ 45ஆம் நாள், மடக்கி உழலாம். உவரிலும் அது வளரும்.

சங்கத்தில் உரம் கேட்குமுன் மண்ணைச் சோதித்தறியுங்கள். மண் கேட்கும் அளவே மூட்டையின் அளவாகட்டும். கடனும் குறையும், நிலமும் நம் மக்களுக்கு நிற்கும்.