காசில் பொறித்த பெயர்

1950 ஆகஸ்ட் கடைசி வாரம். நியூயார்க் ஃபாரஸ்ட் ஹில்ஸ் புல்தரையில், விம்பிள்டன் சாம்பியன் லூயிஸ் பிரஃபை எதிர்த்து 23 வயது அல்தியா கிப்சன் ஆடிக்கொண்டிருந்தார். மூன்றாவது செட்டில் 7-6 என்று முன்னிலை. இன்னும் ஒரு கேம் எடுத்தால் வெற்றி. அந்த நேரம் பார்த்து வானம் இருண்டது. மின்னல் தாக்கி, அரங்கின் உச்சியில் இருந்த கல் கழுகு ஒன்று உடைந்து விழுந்தது. மறுநாள் ஆட்டம் தொடர்ந்தபோது பிரஃப் அடுத்தடுத்து மூன்று கேம்களை எடுத்து 9-7 என்று முடித்துவிட்டார்.

அமெரிக்க தேசிய டென்னிஸ் போட்டியில் (இன்றைய அமெரிக்க ஓபன்) ஒரு கறுப்பினத்தவர் ஆடியது அதுதான் முதல் தடவை. முன்னாள் சாம்பியன் ஆலிஸ் மார்பிள், வெள்ளைக்காரப் பெண்மணி, ஒரு டென்னிஸ் இதழில் பகிரங்கமாகக் கடிதம் எழுதி டென்னிஸ் சங்கத்தாருக்கு உறைக்க வைத்த பிறகே அந்தக் கதவு திறந்தது.

தெற்குக் கரோலினாவில் வாரக் குத்தகைக்குப் பருத்தி பயிரிட்ட குடும்பத்துப் பிள்ளை அல்தியா. ஹார்லெம் தெருவில் மரப்பலகை மட்டையால் பந்தடித்துப் பழகியவர். 1956இல் பிரெஞ்சுப் பட்டம். 1957இல் டார்லீன் ஹார்டை 6-3, 6-2 என்று வென்று, எலிசபெத் ராணியின் கையால் விம்பிள்டன் தட்டை வாங்கினார். ஊர் திரும்பியதும் நியூயார்க் வீதியில் காகிதத் துண்டுகளை மழையாகப் பொழிந்து வரவேற்றார்கள். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் விம்பிள்டன், அமெரிக்கா இரண்டுமே அவருக்குத்தான்.

ஆனால் பரிசுப் பணம்? ஒரு சென்ட் கிடையாது. அமெச்சூர் ஆட்டக்காரர் காசு வாங்கக் கூடாது என்பது அன்றைய விதி. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு அது கௌரவம்; வாடகை கொடுக்க வேண்டியவருக்கு அது பட்டினி. உலகின் முதல்நிலை ஆட்டக்காரி பாட்டுப் பாடி இசைத்தட்டு வெளியிட்டார், ஜான் வெய்ன் படத்தில் நடித்தார், கூடைப்பந்து ஆட்டத்துக்கு முன்னால் காட்சிக்கு டென்னிஸ் ஆடினார். பிறகு கோல்ஃபுக்குப் போனார். சில கிளப்புகள் அவரைக் கட்டடத்துக்குள் விடாததால் காரில் உட்கார்ந்தே ஷூ மாற்றிக்கொண்டார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

1968இல்தான் பெரிய போட்டிகளில் பரிசுப் பணம் வந்தது. அவருக்கு அப்போது நாற்பது கடந்துவிட்டது. இன்று? 2025 அமெரிக்க ஓபனில் பட்டம் வென்ற பெண்ணுக்கு 50 லட்சம் டாலர். அதே போட்டியில் வீனஸ், செரீனா, கோகோ காஃப் என்று கறுப்பினப் பெண்கள் கோப்பை தூக்கியதை உலகமே பார்த்துவிட்டது.

1990களின் நடுவில் அல்தியாவிடம் மருந்துக்கும் வாடகைக்கும் காசில்லை. வாழ்வே வேண்டாம் என்ற நிலையில் பழைய தோழி ஏஞ்சலா பக்ஸ்டனுக்குப் போன் செய்தார். 1956இல் இருவரும் சேர்ந்து விம்பிள்டன் இரட்டையர் பட்டம் வென்றவர்கள். யூதப் பெண்ணான பக்ஸ்டனுக்கும் கிளப்புகளின் மூடிய கதவு பழக்கமானதுதான். இந்த முறை பக்ஸ்டன் ஏற்பாட்டில் ஒரு டென்னிஸ் இதழில் கடிதம் வந்தது. பல நாடுகளிலிருந்து தபாலில் பணம் வந்து குவிந்தது. சுமார் 45 ஆண்டு இடைவெளியில் இரண்டு கடிதங்கள்: ஒன்று களத்துக்குள் விட்டது, மற்றது உயிரைக் காத்தது.

2003இல் அல்தியா காலமானார். அமெரிக்க ஓபன் வளாகத்தில் சிலை வைக்க 2019 வரை ஆயிற்று. 2025இல் அமெரிக்க அரசு அவர் உருவத்தையும் பெயரையும் பொறித்து 25 சென்ட் நாணயம் அடித்தது. கடையில் மீதிச் சில்லறை வாங்கும் யார் கைக்கும் அது வரலாம்.